எந்தக் கரை என்று முதலில் கேளுங்கள்: நெல்லைக்கு மாநாடு, கருத்தரங்கு என்று வருகிறவர்களுக்கு

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜின் ரிசப்ஷனில் 24 வருடம் இருந்தேன். 2024-இல் வேலையை விட்டாயிற்று. ஆனாலும் பழைய வாடிக்கையாளர்கள் போன் செய்வதை விடவில்லை. "அண்ணாச்சி, வர்ற வெள்ளிக்கிழமை உங்க ஊர்ல ஒரு கருத்தரங்கு. நாலு பேர் வர்றோம். எங்க ரூம் போடலாம்?" என்பார்கள். நான் வாடகை எவ்வளவு வரை பார்க்கிறீர்கள் என்று கேட்பதில்லை. "ஹால் ஆத்துக்கு எந்தக் கரையில இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேருக்கு அந்தக் கேள்வியே புரியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருநெல்வேலி என்று நீங்கள் நினைத்துக்கொண்டு வருவது உண்மையில் இரண்டு ஊர். நடுவே தாமிரபரணி ஓடுகிறது. மேற்குக் கரையில் ரயில்வே ஜங்ஷன், நெல்லையப்பர் கோயில் இருக்கிற டவுன், தச்சநல்லூர், பேட்டை. கிழக்குக் கரையில் வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், பாளையங்கோட்டை, பெருமாள்புரம், வேய்ந்தான்குளத்துப் புது பஸ் ஸ்டாண்டு. 1994-இல் எல்லாம் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆனது. ஆனால் காலை எட்டரை மணிக்குப் பாலத்தில் நின்று பாருங்கள். பாளையில் இருக்கிற பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மேற்கிலிருந்து பிள்ளைகள் போவார்கள். கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ். அங்கே மனு கொடுக்க வருகிற கூட்டமும் அதே பாலத்தில்தான். வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் என்று காட்டும் தூரம் அந்த நேரத்தில் முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும்.

சுலோசன முதலியார் பாலம் என்று பெயர். 1843-இல் திறந்தது. அதற்கு முன்னால் பரிசலில்தான் ஆற்றைக் கடக்க வேண்டும். சுலோசன முதலியார் என்ற அரசு அலுவலர் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிக் கொடுத்தார். இப்போது பக்கத்திலேயே இன்னொரு பாலமும் கட்டியிருக்கிறார்கள், அப்படியும் நெரிசல் குறையவில்லை. பாலத்தைத் தாண்டும்போது வண்டி நின்றுவிட்டால் சலிக்காமல் இடமும் வலமும் ஆற்றைப் பாருங்கள். வெயில் காலத்திலும் தண்ணீர் ஓடும். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடலில் கலக்கிற ஆறு இது.

ஒரு தடவை கோயம்புத்தூரிலிருந்து ஆறு பேர் கட்டுரை வாசிக்க வந்தார்கள். கல்லூரிகள் எல்லாம் பாளையங்கோட்டையில்தானே என்று அங்கே ஒரு இடத்தில் ரூம் போட்டிருக்கிறார்கள். நிகழ்ச்சி நடந்தது மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில். பல்கலைக்கழகம் பாளையில் இல்லை. தென்காசி ரோட்டில், டவுனையும் பழைய பேட்டையையும் தாண்டி, அபிஷேகப்பட்டியில் இருக்கிறது. பாளையிலிருந்து போனால் பாலம், ஜங்ஷன், டவுன் என்று ஊர் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும். ஒன்பதரைக்கு வாசிக்க வேண்டிய பெண் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் எல்லோரும் ரயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஏழெட்டுப் பேர் முன்னால் வாசித்தாராம். மறுநாளைக்கு ரூம் கேட்டு எங்களிடம் வந்தபோது சொன்னார். ஒரு வருட உழைப்பு அது. இன்னும் எனக்கு மனசு ஆறவில்லை. ரூம் போடுவதற்கு முன் யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சரி, எந்த ஹால் எந்தக் கரை? எஸ்.என். ஹைரோட்டில், ஈரடுக்குப் பாலத்துக்கும் டவுனுக்கும் இடையில் இருக்கிற பொருட்காட்சித் திடலும் அங்கே கட்டியிருக்கிற வர்த்தக மையமும் மேற்குக் கரை. அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகமும் மேற்குதான். செயின்ட் சேவியர்ஸ், செயின்ட் ஜான்ஸ், சாராள் தக்கர் கல்லூரிகள், வ.உ.சி. மைதானம், ஹைகிரவுண்டில் இருக்கிற மருத்துவக் கல்லூரி, நேருஜி கலையரங்கம் எல்லாம் கிழக்கு. பைபாஸ் ரோட்டுப் பெரிய ஹோட்டல்களின் ஹால்கள் வண்ணார்பேட்டையில், அதாவது கிழக்கு. அழைப்பிதழில் திருநெல்வேலி என்று மட்டும் போட்டிருந்தால் நம்பிவிட வேண்டாம். ஏற்பாட்டாளர்களைக் கூப்பிட்டு, "ஆற்றுக்கு ஜங்ஷன் பக்கமா, பாளை பக்கமா?" என்று கேட்டுவிடுங்கள். ஊர்க்காரர் யாராக இருந்தாலும் உடனே சொல்வார்.

அடுத்தது ரூம். ஹால் மேற்கில் என்றால் ஜங்ஷன் பக்கம் தங்குங்கள். மதுரை ரோட்டில் சின்ன லாட்ஜிலிருந்து ஏசி ஹோட்டல் வரைக்கும் வரிசையாக இருக்கின்றன. ஸ்டேஷனிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம். ஹால் கிழக்கில் என்றால் வண்ணார்பேட்டை, அல்லது பாளை. வண்ணார்பேட்டையில் வாடகை கொஞ்சம் கூடுதல், கார் நிறுத்த இடம் தாராளம். இரண்டு நாளும் இரண்டு கரையிலும் நிகழ்ச்சி இருந்தால் வண்ணார்பேட்டைதான் என் கணக்கு. பாலத்தின் வாசலில் இருப்பதால் இரண்டு பக்கமும் போகலாம்.

அப்புறம் நாள். வருகிற நாள் முகூர்த்த நாளா என்று வீட்டில் தொங்குகிற தினசரி காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர்கள் கவனிக்கத் தவறுவது இதைத்தான். வைகாசி, ஆவணி, தை மாத வளர்பிறை முகூர்த்தம் என்றால் மாப்பிள்ளை வீட்டார் மொத்தமாக இருபது ரூம் எடுத்திருப்பார்கள். ஆன்லைனில் காலி என்று காட்டுவது ரிசப்ஷன் நோட்டில் காலியாக இருக்காது. ஆனித் தேரோட்டம், திருச்செந்தூர் சூரசம்ஹாரம், வைகாசி விசாகம், குலசேகரன்பட்டினம் தசரா, குற்றாலச் சீசனில் சனி ஞாயிறு, இந்த நாட்களிலும் அதே கதைதான். குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்னால் சொல்லி வையுங்கள். ஆப்பில் ரூமைப் பார்த்துவிட்டு நேரே லாட்ஜுக்கே போன் செய்தால் நல்லது. எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, சொல்கிற வாடகை ஜிஎஸ்டி சேர்த்தா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். அட்வான்ஸ் அனுப்பினால் யார் பெயரில் எழுதிக்கொண்டார்கள் என்று கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள்.

போனில் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி: "உங்களுக்கு 24 மணி நேரக் கணக்கா, மதியம் 12 மணிக் கணக்கா?" நெல்லை எக்ஸ்பிரஸில் வந்தால் காலையில் இறங்குவீர்கள். 12 மணிக் கணக்கு உள்ள இடத்தில் காலை ஏழு மணிக்குச் சாவி வாங்கினால் மதியத்தோடு ஒரு நாள் முடிந்தது என்று பில் போட்டுவிடுவார்கள். 24 மணி நேரக் கணக்கு உள்ள இடத்தில் மறுநாள் காலை ஏழு வரை உங்கள் நேரம். ஜங்ஷன் பக்கம் பழைய லாட்ஜ்களில் இந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது. நான் ரிசப்ஷனில் இருந்தபோது சண்டை வந்ததெல்லாம் இந்த ஒரு விஷயத்துக்குத்தான். முன்கூட்டிக் கேட்டிருந்தால் இரண்டு தரப்புக்கும் மனக்கஷ்டம் இல்லை. ஒரே நாள் வேலை, குளித்து உடை மாற்றினால் போதும் என்றால் ரயில்வே ஸ்டேஷனிலேயே ஓய்வறை இருக்கிறது. டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் முன்பதிவு செய்துகொள்ளலாம்.

மதுரை ரோட்டில் தங்கினால் ரோட்டுப் பக்க ரூம் வேண்டாம், உள்பக்கம் கொடுங்கள் என்று சொல்லுங்கள். விடிகாலை நாலு மணிக்கே பஸ் ஹாரன் ஆரம்பித்துவிடும். வெந்நீர் எப்போது வரும் என்றும் கேளுங்கள். பல இடங்களில் காலை எட்டு மணியோடு நிறுத்திவிடுவார்கள். வருகிற எல்லாப் பெரியவர்களுக்கும் அசல் ஆதாரோ வேறு அடையாள அட்டையோ வேண்டும். அலுவலகத்தில் பணம் திரும்ப வாங்குகிறவர்கள் பில்லில் நிறுவனத்தின் பெயரைச் சாவி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். காலி செய்கிற அவசரத்தில் அது நடக்காது.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வருகிறீர்கள் என்றால் ஒரு வார்த்தை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆற்றில் வந்த வெள்ளம் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டையும் மீனாட்சிபுரத்தையும் கொக்கிரகுளத்தையும் மூழ்கடித்தது. எங்கள் ரிசப்ஷனில் இடுப்பளவு தண்ணீர். ரிஜிஸ்டரைப் பாலிதீன் பையில் சுற்றிக்கொண்டு, தங்கியிருந்தவர்களை எல்லாம் இரண்டாவது மாடிக்கு ஏற்றினோம். மொட்டைமாடியில் சிலிண்டர் வைத்து உப்புமா கிண்டினோம். அப்படி எல்லா வருடமும் நடப்பதில்லை. ஆனாலும் மழைக்காலத்தில் தரைத்தள ரூம் எடுக்காதீர்கள், காரைத் தாழ்வான பார்க்கிங்கில் விடாதீர்கள்.

ஊருக்கு வந்து சேருவது எளிது. சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸ், கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் போல இரவு ரயில்கள் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் ஓடுகிறது, மதியத்துக்கு மேல் எழும்பூரில் ஏறினால் இரவே வந்துவிடலாம். ஆனால் வந்து சேரப் பத்தரை மணிக்கு மேல் ஆகிவிடும். அந்த நேரத்தில் வருவதாக லாட்ஜில் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் வரமாட்டீர்கள் என்று நினைத்து ரூமைக் கொடுத்துவிடுவார்கள். விமானம் என்றால் தூத்துக்குடி, வாகைக்குளத்தில் இருக்கிறது. அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்னி பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்குகிற இடத்தை ஏறும்போதே கேட்டுவிட வேண்டும். நாகர்கோவில் போகிற பஸ்கள் பல ஊருக்குள் வராது. விடிகாலை மூன்று மணிக்கு நான்கு வழிச் சாலையில் இறக்கிவிட்டால் ஆட்டோ கிடைப்பது கஷ்டம்.

ஊருக்குள் சுற்றுவதற்கு டவுன் பஸ்ஸை நம்பலாம். பாளை, ஜங்ஷன், டவுன், பேட்டை என்று கிழக்கு மேற்காக ஒரே கோடு. அந்தக் கோட்டில் அடுத்தடுத்து பஸ் வந்துகொண்டே இருக்கும். அரசு சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இங்கே தனியார் டவுன் பஸ்களும் நிறைய ஓடுகின்றன, அவற்றில் டிக்கெட் உண்டு. வெளியூர்ப் பெண்கள் சிலர் இதில் குழம்பிப் போவதைப் பார்த்திருக்கிறேன், ஏறும்போது பார்த்துக்கொள்ளுங்கள். மதுரை, நாகர்கோவில், திருச்செந்தூர் போன்ற வெளியூர் பஸ்ஸுக்குப் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும். ஆட்டோவில் மீட்டர் போடுவதில்லை. லாட்ஜில் இன்ன இடத்துக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துவிட்டு வெளியே வாருங்கள். ஏறும் முன் பேசிவிடுங்கள். "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக் கேட்டால் பேச்சு நல்லபடியாக ஆரம்பிக்கும்.

ஜங்ஷனிலிருந்து பொருட்காட்சித் திடலுக்குக் காலையில் போகிறவர்கள் முடிந்தால் நடந்தே போங்கள். ரயில் பாதைக்கு மேலே ஈரடுக்குப் பாலம் வரும். திருவள்ளுவர் பாலம் என்பது அதன் பெயர், 1973-இல் திறந்தது. மேலே பஸ்ஸும் லாரியும், கீழே சின்ன வண்டிகளும் நடக்கிறவர்களும். இந்தியாவிலேயே முதல் ஈரடுக்குச் சாலைப் பாலம் என்று எங்கள் ஊரில் பெருமையாகச் சொல்வோம்.

நிகழ்ச்சிக்கு நடுவே நேரம் கிடைத்தால் எங்கே போவது? நான் முதலில் சொல்வது குறுக்குத்துறை. பொருட்காட்சித் திடலிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம்கூட ஆகாது. விடிகாலை ஐந்தரைக்குப் போங்கள். ஆற்றுக்கு நடுவே பாறையில் முருகன் கோயில். வெள்ளம் வந்தால் கோயிலே தண்ணீருக்குள் போய்விடும். அதற்கு முன்பே உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் மண்ணைக் கழுவிவிட்டுத் திரும்பப் பூசை நடக்கும். அந்தக் கல் மண்டபத்தில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. குளிக்கலாம். ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும் இறங்குங்கள், நடு ஆற்றுக்குப் போகாதீர்கள். சோப்பு, ஷாம்பு பாக்கெட், பழைய துணி எதையும் ஆற்றில் விடாதீர்கள். எங்கள் குடிநீர் அது. ஏழரைக்குள் ரூமுக்குத் திரும்பி, சூடாக இட்லியும் நல்லெண்ணெய் ஊற்றிய எள்ளு மிளகாய்ப் பொடியும் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு ஹாலில் இருக்கலாம்.

நெல்லையப்பர் கோயிலுக்குச் சாயங்காலம் போங்கள். மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள், உச்சி வெயிலில் போய் வாசலில் நிற்க வேண்டாம். குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும். சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் சங்கிலி மண்டபம் இணைக்கிறது. மணி மண்டபத்தில் இசைத்தூண்கள், ஒரே கல்லில் செதுக்கிய சின்னத் தூண்கள் ஒவ்வொன்றும் ஒரு சுரம் பேசும். பார்த்தால் போதும், தட்டிப் பார்க்காதீர்கள். நடராசரின் ஐந்து சபைகளில் தாமிர சபை இங்கேதான். வெளியே கீழ ரத வீதிக்கு வந்தால் இருட்டுக்கடை. சாயங்காலம்தான் அல்வா வியாபாரம். வரிசை நீளமாகத் தெரிந்தாலும் வேகமாக நகரும். முதலில் ஒரு சின்ன அளவு வாங்கி அங்கேயே சூடாகச் சாப்பிடுங்கள். இலையில் வைத்துக் கொடுக்கும்போது நெய் விரலில் வழியும். அல்வா சாப்பிட்ட வாய்க்குக் கொஞ்சம் காராச்சேவு வேண்டும், பக்கத்தில் கிடைக்கும்.

பாளைப் பக்கம் நிகழ்ச்சி என்றால் மதிய இடைவேளையில் அரசு அருங்காட்சியகத்துக்குப் போய் வரலாம், வெள்ளிக்கிழமை விடுமுறை. முருகன்குறிச்சியில் ஊசிக்கோபுரம் என்று நாங்கள் சொல்கிற தேவாலயம் 1826-இல் கட்டியது. பாலத்தருகே கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அங்கே விட்டால் போதும். ரெட்டியார்பட்டி மலைப்பக்கம் பொருநை அருங்காட்சியகமும் கிழக்குக் கரைதான்.

அரை நாள் இருந்தால் திருச்செந்தூர் ரோட்டைப் பிடியுங்கள். பாளையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில். ஆளுயரச் சிற்பங்கள், குறவன் அரசகுமாரியைத் தூக்கிக்கொண்டு போகிறான், குறத்தி அரசகுமாரனைத் தூக்கிக்கொண்டு போகிறாள். கையில் புடைத்திருக்கிற நரம்பு வரைக்கும் கல்லில் இருக்கிறது. நான் இருபது தடவைக்கு மேல் வந்தவர்களைக் கூட்டிப் போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது கண்ணில் படும். அதே ரோட்டில் இன்னும் போனால் ஆதிச்சநல்லூர். தோண்டிய இடத்திலேயே கண்ணாடித் தளம் போட்டு, கீழே முதுமக்கள் தாழிகளைப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். கோயில் நடை சாத்துவதற்குள் கிருஷ்ணாபுரத்தை முடித்துவிட்டு அப்புறம் ஆதிச்சநல்லூர் போங்கள்.

ஒரு முழு நாள் என்றால் பாபநாசம், அகத்தியர் அருவி. செங்கோட்டைப் பாசஞ்சரில் அம்பாசமுத்திரம் வரை போய் அங்கிருந்து பஸ். வயலும் வாய்க்காலுமாக ஜன்னல் நிறையப் பச்சை வரும். அருவிக்குப் போகிற வழியில் வனத்துறைச் சோதனைச்சாவடி இருக்கிறது, பிளாஸ்டிக் கொண்டுபோகக் கூடாது. குற்றாலம் ஆனி, ஆடி, ஆவணிக்கு மட்டும், அதுவும் வார நாளில். பறவை பார்க்கிறவர்கள் தை, மாசியில் கூந்தன்குளம் போகலாம். பறவைகளுக்காக வெடி வெடிக்காத ஊர்.

சாப்பாட்டில் ஒன்றைத் தேடிப் போங்கள், சொதி. தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் போட்டுக் கொதிக்கவிடாமல் இறக்குவது. கூடவே இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்க வேண்டும். எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் போடுகிற சாப்பாடு அது. எல்லா ஹோட்டலிலும் எல்லா நாளும் இருக்காது. லாட்ஜில் வேலை பார்க்கிறவர்களிடம் "இன்னைக்கு சொதி எங்க அண்ணாச்சி கிடைக்கும்?" என்று கேளுங்கள். கேட்டதுமே அவர்கள் முகம் மலரும், இடத்தையும் சொல்வார்கள். ராத்திரிக்குப் பரோட்டாவும் சால்னாவும் எங்கே போனாலும் நன்றாக இருக்கும். கோடையில் வந்தால் காலையில் பதநீர், தை மாதம் என்றால் பனங்கிழங்கு.

திரும்பிப் போகிற நாள் இரவு ரயில் என்றால் ரூமை மதியமே காலி செய்துவிட்டுப் பெட்டியை ஸ்டேஷன் கிளோக் ரூமில் வைத்துவிடலாம். டிக்கெட் காட்ட வேண்டும், பெட்டியில் பூட்டு இருக்க வேண்டும். அல்வா வாங்க டவுனுக்கு ஐந்து மணிக்கே கிளம்புங்கள், ஆறரைக்கு மேல் எஸ்.என். ஹைரோட்டில் வண்டி நகராது. வீட்டிலிருந்து வரும்போதே மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்று கொண்டுவந்தால் நல்லது. அட்டைப்பெட்டியை மேல் பெர்த்தில் பைக்குள் வைத்தால் விடிவதற்குள் நெய் கசிந்து துணியில் இறங்கிவிடும்.